வாய்க்கால் வீதியில் நாற்பது மீற்றர்

தலை இல்லாத ஆம்பிளைகளை நான் முதன்முதலில் கூட்டமாகப் பார்த்தது என் கைபேசியில்தான். ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லாப் படமும் கழுத்துக்குக் கீழே. ஒருவர் நெஞ்சை நிமிர்த்தியிருப்பார். ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சுப் பிடித்திருப்பார். இன்னொருவர் சாரத்தோடு தென்னையில் சாய்ந்திருப்பார். கீழே ஒரு வரி: ‘டீசன்ற் ஆக்கள் மட்டும் கதைக்கவும்.’ சொந்தத் தலையைக் காட்டத் துணிவில்லாதவர் மற்றவனிடம் நற்சான்றிதழ் கேட்கிறார். கிளிநொச்சியில் இருந்து, ஆண்கள் ஆண்களைத் தேடுகிற அந்தச் செயலியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இப்படிப் பத்து முண்டங்கள் வந்து நிற்கும். பாதிப்பேர் கலியாணம் கட்டினவர்கள், ‘இரகசியம் முக்கியம்’ என்று எழுதியிருப்பார்கள். மிச்சப்பேர் இராணுவ முகாம் பக்கத்திலிருந்து சிங்களத்தில் சுகம் விசாரிப்பார்கள்.

நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். ஏ-ஒன்பது வீதியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. வயது நாற்பத்து நான்கு. கலியாணம் கட்டவில்லை. எனக்கு ஆண்களில்தான் நாட்டம் என்பதை அறிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்ற எல்லாருக்கும் நான் ‘மோட்டர் அண்ணை’. பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அக்கா, கடைக்கு வந்து குனிந்தபடி போனைத் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து ஒருநாள் சொன்னா: “முந்தி ஆக்கள் நிமிந்து நிண்டு பொய் சொன்னவை. இப்ப குனிஞ்சுகொண்டு சொல்லினம்.” இப்படி யாராவது வாயைத் திறந்து ஒன்று சொன்னால் மோட்டர் பெட்டி மட்டையில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை ஆட்களின் வாயிலிருந்து படித்தேன்.

கம்பி சுற்றவும் கையேடு பார்த்துத் தனியாகத்தான் பழகினேன். அதே புத்தியில் இந்தச் செயலிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, கழற்றிப் பார்த்தேன். அதனால் எங்களைப் போன்ற நாலைந்து பேருக்கு நான் ஒருவகை நிபுணன் ஆகிவிட்டேன். ‘அண்ணை, எது பாதுகாப்பு?’ என்று கேட்டு வருவார்கள். நிபுணன் என்ற பட்டம் கிடைத்தவனுக்குத் தலை கொஞ்சம் வீங்கும். எனக்கும் வீங்கியிருந்தது.

கொழும்பிலிருந்து யாரோ அனுப்பிய தாள் ஒன்றும் எங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு ஆலோசனைகள். முதல் சந்திப்பை ஆள்நடமாட்டம் உள்ள பொது இடத்தில், ஒரு கோப்பிக் கடையில் வையுங்கள் என்று எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான் கிளிநொச்சியில் ஒருநாளும் ஒரு பணிஸ்கூட வாங்கித் தின்றிருக்க மாட்டார். இங்கே இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்திருப்பதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தோளில் கைபோட்டுக்கொண்டு சந்தையைச் சுற்றி வரலாம். ஆனால் முன்பின் தெரியாத முகம் ஒன்று பேக்கரிக் கதிரையில் குந்தினால் போதும். முதலாளி வந்து, தம்பி எந்த ஊர், ஆற்ற மகன், தாய் எந்தப் பகுதி, இடம்பெயர்ந்து எங்கே இருந்தவை என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவனுடைய ஏழு தலைமுறையையும் எடுத்துவிடுவார். பொய்ப் பெயரோடு வந்தவன் அந்த விசாரணையில் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்க மாட்டான். அந்தத் தாளை நான் மோட்டர் துடைக்கப் பாவித்தேன்.

எனக்கென்று சொந்தமாக மூன்று விதிகள் வைத்திருந்தேன். தொலைபேசி இலக்கம் கேட்கிற செயலி வேண்டாம். ஏனென்றால், நான் திருத்துகிற ஒவ்வொரு மோட்டரிலும் என் இலக்கத்தை ஒட்டிவிடுவேன், மாவட்டத்தில் பாதிக் கமக்காரரின் போனுக்குள் நான் இருக்கிறேன். படம் கட்டாயம் போடு என்கிற செயலி வேண்டாம். போனில் சேமித்த பெயர்களைப் பார்க்க அனுமதி கேட்கிற செயலி வேண்டவே வேண்டாம். இந்த மூன்றிலும் தப்பியது ஒன்றே ஒன்று. அதைத்தான் என் சிநேகிதர் ஒருவருக்கும் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். முப்பத்து நான்கு வயது. தாய் தகப்பனோடு வாய்க்கால் வீதி ஒன்றில், குடியேற்றக் காணியில் இருக்கிறார். என்னை அண்ணை என்பார், நான் அவரை நீர் என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் வேறு ஒன்றும் இல்லை. மனம்விட்டுக் கதைக்க எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான், அவருக்கும் நான்தான். அந்தச் செயலியை நான் கல்குலேட்டர் மாதிரி ஒரு படத்துக்குள் ஒளித்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளே தாய் கேட்டிருக்கிறா, ஒரு போனுக்கு ரெண்டு கல்குலேட்டர் ஏனடா என்று. சங்கத்துக் கணக்கு, வீட்டுக் கணக்கு என்று சமாளித்திருக்கிறார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்களுக்கு.

சிறுபோகம் தொடங்கி வாய்க்காலில் தண்ணீர் விட்ட கிழமை, ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். முகம் சாம்பல். போனை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார், சுடுகிற சாமானை வைத்தது போல. தலையில்லாத ஒரு படக்காரன் அவருக்கு எழுதியிருந்தான். இரண்டு நாள் நல்ல கதை. மூன்றாம் நாள் ஒரு வரி: ‘உங்கட படலையடியில முருங்கை நிக்குது, சரியோ?’

“நீர் என்ன சொன்னனீர்?” என்று கேட்டேன்.

“ஓம் எண்டு எழுதிப்போட்டன், அண்ணை. எப்பிடித் தெரியும் எண்டும் கேட்டனான்.”

மரியாதையாக வளர்ந்த பிள்ளை. கேட்ட கேள்விக்கு ஓம் என்று பதில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் கட்டளைகள். இவர் எழுதியவற்றைப் படம் எடுத்து வைத்திருக்கிறானாம். இவருடைய பெயர், தகப்பன் பெயர், வேலை எல்லாம் தெரியுமாம். காசு கேட்கவில்லை. பெயர் கேட்டான். ‘உங்களைப் போல ஆக்கள் இஞ்ச ஆர் ஆர் இருக்கினம்? பேருகளைத் தாரும். தராட்டில் சங்கத்து நோட்டீஸ் பலகையில் உம்மட படம் தொங்கும்.’

பொலிஸுக்குப் போகலாம் என்பார் கொழும்புத் தாள்காரர். எங்களைக் குற்றவாளி என்று சொல்லும் பழைய பிரிவு ஒன்று இன்னும் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. முறைப்பாடு எழுதும்போது முதல் வரியிலேயே எங்களைக் காட்டிக் கொடுத்துக்கொண்டுதான் மற்றவனைக் காட்டிக் கொடுக்கவேண்டும்.

சிநேகிதருக்கு இந்தப் பக்கத்தில் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று. என் பெயர். அதை இருவரும் வாயால் சொல்லவில்லை. என் பெயர் வெளியே போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மோட்டர் திருத்துகிறவன் ஆட்களின் வளவுக்குள், கிணற்றடிக்குப் போகிறவன். இவன் இப்படியாம் என்று ஒரு வார்த்தை வாய்க்கால் வழியே ஓடினால் அதற்குப் பிறகு ஒரு படலையும் எனக்குத் திறக்காது.

“நான் குடுக்கமாட்டன், அண்ணை. செத்தாலும் குடுக்கமாட்டன்” என்றார்.

நான் அவருடைய தோளைப் பிடித்து, தெரியும் என்றேன். செயலியில் அவனை ‘புளொக்’ பண்ணவேண்டாம், பதிலும் போடவேண்டாம், நாலு நாள் பொறும் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகுதான் இருந்து யோசித்தேன். முருங்கை அவனுக்கு எப்படித் தெரிந்தது? செயலியைத் திறந்து, சிநேகிதரின் பக்கத்தை எடுத்தேன். பெயர் இல்லை, படம் இல்லை, ஒன்றும் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘6.4 கி.மீ. தொலைவில்’. நான் ஒருநாளும் கவனிக்காத வரி. கவனித்தும் பெரிதாக எடுக்காத வரி என்பதுதான் உண்மை. கொழும்பில் அந்த வரி ஒரு விளையாட்டு. ஒரு மாடிக் கட்டிடத்துக்குள் நூறு பேர் இருப்பார்கள், தூரத்தை வைத்து எவனைப் பிடிப்பது? எங்கள் குடியேற்றம் அப்படியா? வாய்க்கால் ஒரு நேர்கோடு. வாய்க்காலோடு வீதி ஒரு நேர்கோடு. காணிகள் எல்லாம் ஒரே அகலத்தில் வெட்டிக் கொடுத்தவை. ஒரு காணிக்கு ஒரு படலை. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசடியில் நின்று தூரத்தைப் பார்த்தால் எத்தனையாவது படலை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சைக்கிளில் ஒருமுறை போய்வந்தால் முருங்கை மரமும் தெரியும். இந்த வீதிகளில் இருபது வருடமாக மோட்டர் கட்டிக்கொண்டு திரிகிற எனக்கு இது தோன்றவில்லை. மூன்று பூட்டுப் போட்டுவிட்டு வாசலில் விலாசத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தச் செயலியைச் செய்தவனை எவ்வளவு திட்டினேனோ அதைவிடக் கூடுதலாக என்னைத் திட்டிக்கொண்டேன். அவனாவது எங்கள் வாய்க்காலைக் காணாதவன்.

திட்டி முடிந்தபோது இன்னொன்று விளங்கியது. அந்தத் தலையில்லாதவனுக்கும் ஓரத்தில் ஒரு தூரம் போட்டிருந்தது. மற்றவனின் படலையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த புத்திசாலி, தன்னுடையதை மறைக்க மறந்திருந்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மோட்டர் திருத்துகிற ஆயுதங்கள் போட்ட பையை மோட்டார் சைக்கிளில் கட்டி, சிநேகிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துருசடிக்குப் போனேன். அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. காலையிலேயே வேட்டையில் இருந்தான். ஒன்று தசம் ஒன்பது கிலோமீற்றர். மெதுவாக வாய்க்கால் வீதியில் இறங்கினோம். ஒவ்வொரு மதகிலும் நிறுத்திப் பார்த்தேன். ஒன்று தசம் இரண்டு. அறுநூற்றிருபது மீற்றர். சிநேகிதரின் வீட்டு முருங்கையையும் கடந்து போனோம். முந்நூறு. நூற்றைம்பது. பிறகு கூடத் தொடங்கியது. திரும்பி வந்தோம். குறைந்துகொண்டே வந்து, கல்மதிலும் நீலப் படலையும் உள்ள வீட்டுக்கு முன்னால் நாற்பதில் நின்றது.

மாமரக் கொப்பில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டியிருந்தன.

சிநேகிதர் பின்னால் இருந்து இறங்கிவிட்டார். “ஐயோ அண்ணை, இவரோ” என்றார். நான் மதகடியில் நிற்கிறேன், நீங்கள் போங்கோ என்றார். போனேன்.

அந்த வீட்டுக்காரரை எனக்கு நேரில் பழக்கம் இல்லை, குரல் பழக்கம். சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களில் அறிவிப்புச் செய்கிறவர். அடியார்களே என்று தொடங்கினால், காணாமல்போன செருப்பு, வழிதவறிய பிள்ளை, அன்னதானம் எல்லாவற்றையும் ஒரே உருக்கத்தோடு சொல்வார். இடையில் நேரம் கிடைத்தால் பண்பாடும் பேசுவார். கைத்தொலைபேசியால் இளம் சமுதாயம் சீரழிகிறதாம். ஒழுக்கம் போகிறதாம். போன வருடம் ஒரு திருவிழாவில் இவர் இந்தப் பேச்சைப் பேசும்போது நான் கச்சான் தின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் எனக்கு முன்னால் நின்ற கிழவர், “வாய்க்கு வயர் குடுத்திருக்கு, மூளைக்குக் கரண்ட் வரேல்லை” என்றார். மட்டையில் எழுதிவைத்த வசனம் அது.

படலையைத் தட்டினேன். மனைவி வந்தா. இடுப்பில் ஒரு குழந்தை. மோட்டர் பார்க்கிறனான் என்றேன்.

“நாங்கள் இன்னும் கூப்பிடேல்லையே, அண்ணை” என்றா. பிறகு, “ஆனா நல்லவேளை வந்தியள். ரெண்டு நாளாக் காத்துத்தான் இழுக்குது” என்று சிரித்தா.

கிணற்றடிக்குப் போனேன். மோட்டரில் என் இலக்கம் ஒட்டியிருந்தது. யாரிடமோ பழையதாக வாங்கியிருக்கிறார்கள். குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வந்தார். சாரம், மேலில் துவாய், கையில் போன். கழுத்துக்குக் கீழே பார்த்தேன். அந்தப் படத்தில் கண்ட அதே வயிறு, இப்போது மூச்சுப் பிடிக்காமல் இருந்தது.

“ஆர் அனுப்பினது?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை. நீர் ஆக்களின்ட பேர் கேக்கிறீராம். அனுப்பிறதிலும் பாக்க நேரில சொல்லுறது மரியாதை எண்டு வந்தனான்.”

முதலில் விளங்காத மாதிரி நின்றார். பிறகு நிறம் மாறியது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் கேட்டது.

“மெதுவாக் கதையுங்கோ, அண்ணை.”

“நான் மெதுவாத்தான் கதைக்கிறன். மைக் உம்மட்டைத்தானே இருக்கு.”

கிணற்றுக் கட்டில் குந்திவிட்டார். ஊரையே ஒலிபெருக்கியில் திருத்துகிற மனிதர், ஒரு வாளி அளவுக்குச் சுருங்கிப்போனார். நான் குழாய் அடியில் இருந்த வால்வைக் கழற்றித் தட்டினேன். சின்ன நத்தை ஒன்று விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்லத் தொடங்கினார். அவரை ஒருவன் இரண்டு வருடத்துக்கு முதல் இப்படித்தான் வெருட்டினானாம். வவுனியாப் பக்கத்து ஆளாம். அதிலிருந்து நித்திரை இல்லையாம்.

“எல்லாற்ற பேரும் என்னட்டை இருந்தால், என்ர பேரை ஒருத்தரும் வெளியில விடாயினம் எண்டு நினைச்சன், அண்ணை. பாதுகாப்புக்குத்தான்.”

பாதுகாப்பு. அந்தச் சொல்லை அந்த வாயில் கேட்டபோது வால்வை அவர் தலையில் போடலாமா என்று இருந்தது. வெருட்டப்பட்டவன் இரங்குவான் என்று யார் சொன்னது? இவர் வெருட்டியவனிடம் தொழில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். இப்படி ஒருவனுக்கு நான் பரிதாபப்படவேண்டும் என்றால் எனக்கு இன்னும் இரண்டு நெஞ்சு வேண்டும். படவில்லை. அதை ஒளிக்கவும் இல்லை.

“போனைத் திறவும். எல்லாத்தையும் என்ர கண்ணுக்கு முன்னால அழியும்” என்றேன்.

திறந்தார். படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். பெயர்களை வேறாக எழுதி வைத்திருந்தார். நான் குனிந்து பார்த்தேன். ஐந்து வரி. மூன்று பேரை எனக்குத் தெரியாது. நாலாவது சிநேகிதர். ஐந்தாவது வரியில் என் முழுப்பெயர். பக்கத்தில், ஏ-ஒன்பது வீதி, மோட்டர் கடை.

“இதை ஆர் தந்தது?”

அவர் செயலிக்குள் போய் ஒரு பதிலை எடுத்துக் காட்டினார். சிநேகிதர் எழுதியது. என் பெயரும் கடையும் மட்டும், வேறு ஒரு சொல்லும் இல்லை. செத்தாலும் கொடுக்கமாட்டேன் என்று என் மேசையடியில் நின்று சொன்ன அதே நாள், அதே பின்னேரம், நாலரை மணிக்கு.

அதையும் அழியும் என்றேன். அழித்தார். நீர் உம்முடைய மனைவிக்குப் பயப்படத் தேவையில்லை, நான் உம்மைப் போல ஆள் இல்லை என்று சொன்னேன். அவர் அழப்பார்த்தார். அழவேண்டாம், குழாயைப் பிடியும் என்றேன். பிடித்தார். வால்வைப் பூட்டி, தண்ணீர் ஊற்றி, மோட்டரைப் போட்டேன். தண்ணீர் வந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. அவவுடைய முகத்துக்காகக் குடித்தேன். நல்ல தேத்தண்ணி. இந்தப் பெண் இந்த வீட்டில் யாரோடு வாழ்கிறோம் என்று தெரியாமல் இஞ்சி தட்டிப் போட்டிருந்தா.

படலையைச் சாத்திவிட்டு வரும்போது எனக்குள் இருந்த ஏச்செல்லாம் மதகடியை நோக்கித் திரும்பியிருந்தது. என்ன சொல்லவேண்டும் என்று வசனம் வசனமாக அடுக்கிக்கொண்டு வந்தேன். வாயால் உயிரைத் தருகிறவர், விரலால் ஊரை எழுதிக் கொடுக்கிறார் என்று தொடங்குவதாக இருந்தேன். அதுவே நல்ல வசனம் என்று எனக்கே தோன்றியது.

அவர் மதகுக் கட்டில் இருந்தார். வெயிலுக்குள். நிழல் பத்தடி தள்ளி இருந்தது, அங்கே போய் நிற்கவும் தோன்றவில்லைப் போல. என்னைக் கண்டதும் எழும்பினார்.

“என்ன சொன்னவர், அண்ணை?”

“அழிச்சுப்போட்டார். படம், எழுத்து எல்லாம். இனி வராது.”

“வேற ஒண்டும் சொல்லேல்லையோ?”

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. முப்பத்து நான்கு வயதில், தகப்பனுக்கு முன்னால் இன்னும் கதிரையில் இருக்காத பிள்ளை. அன்று பின்னேரம் நாலரைக்குச் சங்கத்து மேசையில் இருந்து என் பெயரை எழுதும்போதும் முதுகு இப்படித்தான் நனைந்திருக்கும். எனக்கு அந்தச் செய்தி வந்திருந்தால், என்னிடம் முருங்கையைப் பற்றிக் கேட்டிருந்தால், நான் எத்தனை மணி வரை பிடித்திருப்பேன்? தெரியவில்லை. நாலரை வரை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

அடுக்கிக்கொண்டு வந்த வசனங்களைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

“இல்லை” என்றேன். “ஒண்டும் சொல்லேல்லை.”

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பின்னால் ஏறியவர் வழக்கமாகப் பிடிக்கிற என் தோளைப் பிடிக்காமல், இருக்கையின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீதி முழுக்கக் குழி. இரண்டாவது மதகைக் கடந்ததும், “கம்பியை விட்டிட்டு ஒழுங்காப் பிடியும், விழப்போறீர்” என்றேன். கொஞ்சத் தூரம் போனபிறகுதான் பிடித்தார்.